நிற்காத வண்டி

சாவியைத் திருப்பியதும் வண்டி "டக்" என்றது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடியும் "டக்". கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற பிள்ளை மாதிரி சத்தம் மட்டும் வந்தது, ஆளைக் காணோம்.

தோட்டக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு. ஒன்பது மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார், இந்தப் புல்வெட்டும் டிராக்டரைப் பார்க்க. நேற்று சாயங்காலம் பூங்கா மேலாளரே வந்து சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. போன தடவை தலைமை அலுவலகத்து ஆள் பார்த்துவிட்டுப் போனது தண்ணீர் மோட்டாரை. மறுநாளே அது பழைய இரும்பு லாரியில் ஏறிவிட்டது.

டிராக்டரும் போனால், கொட்டகை மூலையில் கிடக்கிற தள்ளு மிஷினைத்தான் திரும்பப் பிடிக்க வேண்டும். பதினோரு வருஷம் அதைத் தள்ளித்தான் இரண்டு முழங்காலும் இப்படி ஆயின. அவர் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் போடும் சத்தத்துக்கு அடுத்த பெஞ்சில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆறு மாதமாகவே ஓட ஓட பேட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை. தினமும் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டு, மச்சானின் ஸ்கூட்டர் கடையில் சார்ஜ் ஏற்றி, காலையில் காய்கறி மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைப்பு. நேற்றுப் பார்த்து மச்சான் கடைக்கு லீவு.

போனைப் போட்டார்.

"மாப்ளே, போயிடுச்சுடா."

"ஐயோ, யாரு மாமா?"

"வண்டிடா!"

"சே, உசுரே போச்சு. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருக்கா பாருங்க. சுடுதண்ணி ஊத்தித் தேய்ங்க."

சுடுதண்ணீர் டிக்கெட் கொடுக்கிற பெண்ணின் கெட்டிலில் இருந்தது.

"டீக்கு வச்ச தண்ணிண்ணே. வண்டிக்கு சர்க்கரையும் போடவா?"

அவர் கெட்டிலை வாங்கி ஊற்றித் தேய்த்தார். தேய்த்த வேகத்தில் துருப்பிடித்த கிளிப் கையோடு வந்துவிட்டது. இப்போது "டக்" கூட இல்லை.

"கம்பியை முறுக்கிக் கட்டுங்க மாமா. அப்படியே ஃபியூஸைப் பாருங்க."

ஃபியூஸ் கருகிப் போயிருந்தது. மாற்று ஃபியூஸுக்கு எங்கே போவது? சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை உருட்டித் திணித்தார். முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. சந்தோஷமாக அணைக்கப் போனார். அணையவில்லை. பேட்டரியில் மிச்சமிருந்த சொட்டையும் குடித்துவிட்டு, தாமாகவே மெல்லக் கண்ணை மூடின.

"தங்கச்சி, உன் இன்வெர்ட்டர் பேட்டரியை அஞ்சு நிமிஷம் குடும்மா."

"கரண்ட் போச்சுன்னா டிக்கெட் மிஷின் படுத்துடும்ணே."

"அந்த அஞ்சு நிமிஷத்துலயா போயிடப் போகுது?"

நாலாவது நிமிஷம் கரண்ட் போனது. வாசலில் காலை நடைக்கு வந்த கூட்டம் கத்த ஆரம்பித்தது. அதற்குள் தோட்டக்காரர் பேட்டரியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிவந்து, ஒயரை மாட்டி, சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பியிருந்தார். வண்டி இருமியது, தும்மியது, பிறகு உறுமியது.

"அண்ணே, என் பேட்டரி!"

"நீயே கழட்டி எடுத்துக்கோ தாயி. நான் எந்திரிச்சா சீட்டுக்கு அடியில இருக்குற சுவிட்சு வண்டியை அணைச்சுப்புடும்."

"ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு வேலை சொல்றதைப் பாரு!"

மச்சான் இன்னும் போனில்தான் இருந்தான்.

"மாமா, ஆக்ஸிலரேட்டரை ஏத்துங்க. விளக்கு வெளிச்சம் கூடுதா?"

"கூடலையே."

"அப்ப உள்ளே சார்ஜ் ஏத்துற காயில் போயிருக்கு. எஞ்சினைக் கழட்டணும், ஒரு நாள் வேலை. ஆனா ஓடிட்டா அதுக்கு பேட்டரி தேவையில்ல. நிறுத்தித் திரும்ப எடுக்கத்தான் வேணும்."

"அதனால?"

"நிறுத்தாதீங்க."

ஒன்பது மணி ஆயிற்று, அதிகாரி வரவில்லை. ஒன்பதரைக்குள் வெட்ட வேண்டிய புல் முழுவதும் தீர்ந்தது. கத்தியைத் தூக்கிவிட்டு, நடைபாதை ஓரமாகச் சும்மாவே சுற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்களும் வாக்கிங்கா?" என்று கேட்டார் நடக்க வந்த ஒருவர்.

பத்து. பத்தரை. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவருக்குள்ளோ வேறொன்று ஏறிக்கொண்டே வந்தது. காலையில் அவசரத்தில் பாத்ரூம் போக மறந்திருந்தார். ஒவ்வொரு மேட்டிலும் பல்லைக் கடித்தார்.

பதினொன்றே காலுக்கு அதிகாரி ஃபைலோடு வந்து இறங்கினார். மேலாளர் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் வீசினார். தோட்டக்காரரும் பதிலுக்குக் கையை வீசிவிட்டுத் தாண்டிப் போனார். மேலாளர் பக்கத்திலேயே ஓடிவந்தார்.

"நிறுத்துய்யா! நிறுத்திட்டு, ஸ்டார்ட் பண்ணிக் காட்டு!" கண்ணை வேறு சிமிட்டினார்.

"வேலை கிடக்கு சார்!"

"என்ன வேலை? புல்லே இல்லையே!"

"வளருது சார்!"

மாட்டிவிடத் துடிக்கிறார் பார், இத்தனை வருஷம் உழைத்தவனை என்று மனசுக்குள் பொருமினார். மேலாளர் குறுக்கே வந்து கையை விரித்து நின்றார். தோட்டக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்து, கோயில் பிரகாரம் மாதிரி அவரை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக அதிகாரியிடம் போனார்.

"எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று அதிகாரி சத்தமாகக் கேட்டார்.

"எட்டரைக்கு சார்!"

"நடுவுல எங்கேயும் நிக்கலையா?"

"நிக்கிற வண்டியே இல்ல சார் இது!"

அதிகாரி பானட்டைத் தட்டிக் கொடுத்தார். ஃபைலில் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோட்டக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் தோட்டக்காரர் சீட்டிலிருந்து குதித்தார். வண்டி அணைந்தது. முழங்கால் என்று ஒன்று இருப்பதையே மறந்து பாத்ரூமுக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது மேலாளர் கல் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார், வண்டியைக் காப்பாத்திட்டோம்ல?"

மேலாளர் நிமிர்ந்து அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

"இவருக்கு என்ன வந்தது?" என்றார் தோட்டக்காரர், டீ கொண்டுவந்த டிக்கெட் பெண்ணிடம்.

அவள் டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"இப்பத்தான் எங்கிட்ட சொல்லிப் புலம்பினாரு. இது ஸ்டார்ட் ஆகலைங்கறதை ஆபீசர் கண்ணால பாத்தா, சாயங்காலமே உங்களுக்குப் புது வண்டின்னு, உங்க முழங்காலுக்காக சார் மூணு மாசமா நடையா நடந்தாரேண்ணே... ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கக் கூடாதா?"