நிலையம் மூடப்பட்டதற்கு உன் அப்பாவும் ஒரு காரணம்

அன்பு மருமகளுக்கு,

அத்தையின் ஆசிகள். இங்கே உன் மாமாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே முழங்கால் உட்பட எல்லாம் நலமாக இருக்கட்டும்.

கல்லூரிக் கட்டுரைக்காக, மூடிக்கிடக்கும் நம் ரயில் நிலையத்தின் வரலாற்றைக் கேட்டிருந்தாய். போதிய பயணிகள் இல்லாததால் மூடினோம் என்று ஆணையில் இருக்கும். நம்பாதே. மூட வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த உன் மாமா. இன்னொருவர் அந்தப் பாதையில் ரயில் ஓட்டிய என் அண்ணன், அதாவது உன் அப்பா.

ஒரு நாள் ரயிலை உள்ளே விடும் சிக்னல் இறங்கத் தாமதமாகிவிட்டது. அதை இழுக்கும் கம்பியில் ஓர் ஆடு சிக்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் உன் அப்பா, ரயிலை உள்ளே கொண்டுவந்ததும் பயணிகள் முன்னிலையில், "தூங்கி எழுந்தாச்சா மாப்ளே?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு உன் மாமா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு மேலதிகாரிக்குப் புகார் எழுதினார். அதிலிருந்து உன் அப்பா ரயிலை நடைமேடையைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்த ஆரம்பித்தார். ஜனங்கள் மூட்டையோடும் பிள்ளையோடும் ஜல்லியில் குதித்தார்கள். உன் மாமா சும்மா இருப்பாரா? சிக்னலை இறக்காமல் ரயிலை ஊருக்கு வெளியே வெயிலில் காக்க வைத்தார். நான் யார் பக்கம் பேசுவது? ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், ஒருத்தரோடு பிறந்திருக்கிறேன். ஜனங்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். விசாரிக்க வந்த அதிகாரியும் ஜல்லியில் குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டு, இங்கே இறங்க யாரும் விரும்புவதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு நாள்தான் இருவரும் ஒழுங்காக வேலை பார்த்தார்கள். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போக நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். சிக்னல் முன்கூட்டியே இறங்கியிருந்தது. பெட்டியின் வாசல் சரியாக என் காலடியில் வந்து நின்றது. அண்ணன் எஞ்சினிலிருந்து இறங்கி ஓடிவந்து, "மெதுவா ஏறும்மா" என்று ஒரு கையைப் பிடித்தார். மறு கையை உன் மாமா பிடித்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் குழந்தையோடு திரும்பி வருவதற்குள் ஜனங்கள் மறுபடி ஜல்லியில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ரயில் போன அன்று, கண்ணுக்கு மறையும்வரை உன் அப்பா ஹார்னை விடவேயில்லை. அது மறைந்த பிறகும் உன் மாமா பச்சைக் கொடியை இறக்கவில்லை. அன்றைக்கும் பேசவில்லை. இப்போது உன் அப்பா இங்கே வந்து தங்கியிருக்கிறாரே, ஃபேன் சுவிட்ச் உன் மாமாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; உன் அப்பாவோ "குறைக்கச் சொல்லும்மா" என்று சமையலறையில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறார். நான் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு இவர்களுக்கு நடுவில் நிற்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நன்றாகப் படி. வேளைக்குச் சாப்பிடு. நல்லதெல்லாம் உன்னைத் தேடி வரட்டும்.

உன் அத்தை

பின்குறிப்பு: தபாலில் போட உன் மாமாவிடம் கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். எடுத்துப் படித்தவர் நேராக உன் அப்பாவிடம் போனார்.

"என்ன மச்சான், நாம எப்ப சண்டை போட்டோம்?"

"அதானே மாப்ளே. இவளுக்கு ஞாபகமறதி."

"ஆட்டை வேற இழுத்து விட்டிருக்கா."

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பயணிகள் வரவில்லை, மூடினார்கள்; அவ்வளவுதான் வரலாறு. அடுத்த அறையில் இருவரும் இன்னும் என் குறைகளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் போகாமல் இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.