ஏழாம் நம்பர் விரிசலும் வெள்ளிக்கிழமை ஐந்து மணியும்

வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து

அன்பிலும் அதட்டலிலும் குறையே வைக்காத அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தம்பி மனைவி, மகள் மூவரும் நலம். அங்கு தாங்களும், தங்களைச் சமாளித்து வரும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "ஹலோ"வுக்கு அடுத்த வார்த்தையைத் தாங்கள் பிடித்துக்கொண்டால் பிறகு என் பங்கு "ம்" கொட்டுவது மட்டும்தான். கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்ட முடியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நம் பெண் வேலைக்குப் போகவில்லை. ஆராய்ச்சிப் படிப்பிலேயே இருக்கப்போகிறாள். இன்று காலை பதினொரு மணிக்குக் கம்பெனிக்குப் பதில் போய்விட்டது. இதில் என் தூண்டுதல் எள்ளளவும் இல்லை என்பதை விளக்கவே இக்கடிதம்.

அவள் படிப்பது சுவர் விரிசல். கேட்கிறவர்களிடம் நான் "கட்டடம் சம்பந்தமா ஏதோ" என்று மழுப்பினாலும் விஷயம் விரிசல்தான். சுவர் ஏன் விரிகிறது, எந்தப் பக்கம் விரிகிறது, பூசி மூடினாலும் ஏன் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. இதற்காக மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் உள்ள ஏழு விரிசல்களுக்கும் பென்சிலால் நம்பர் போட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் கோடு கிழித்துத் தேதி எழுதி வைத்திருக்கிறாள். (வீடு விழுந்துவிடுமா என்று தாங்கள் கேட்டதற்கு, விழாதாம், மேல்பூச்சுதானாம்.) ஆகவே மூன்று வருஷமாக வீட்டுக்குப் பெயிண்ட் கிடையாது. உங்கள் தம்பி மனைவியின் வயிற்றெரிச்சல் தாங்கள் அறிந்ததே. சமையலறை வாசலுக்கு மேலே தொடங்கி கூரையைப் பார்த்து ஏறும் ஏழாம் நம்பரை அவள் "உங்க சின்ன மக" என்றுதான் சொல்வாள். "என்ன, உங்க சின்ன மக இன்னைக்கு எவ்வளவு வளர்ந்தா?" என்று தினமும் காபியோடு ஒரு கேள்வி வரும்.

அளக்கிற வேலை என்னுடையது. காலை ஆறு பத்துக்கு நான் ஸ்டூல் மேல் ஏறி, மெல்லிசிலிருந்து தடிமன் வரை கோடுகள் அச்சடித்த கண்ணாடி அட்டையை விரிசல் மேல் வைத்து எந்தக் கோட்டுக்குச் சமம் என்று சொல்வேன். மகள் கீழே நின்று டார்ச் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள். இருபத்தெட்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். அத்தனை வருஷத்தில் ஒரு பஸ்ஸாவது ஒழுங்கான நேரத்துக்கு வந்ததாக எழுதியதில்லை. ஆனால் ஏழாம் நம்பர் ஒரு நாள்கூட என்னைக் காக்க வைத்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் பத்து நாள் முன்பு அந்தக் கடிதம் வந்தது. பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசுகிற பட்டி மாவு தயாரிக்கும் பெரிய கம்பெனி. அவர்கள் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் நடுநிலை வகித்தோம் அக்கா, சத்தியமாக. உங்கள் தம்பி மனைவி "உன் இஷ்டம்மா, நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெயிண்ட் கடையிலிருந்து வாங்கி வந்த கலர் அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தாள். நானும் "முடிவு உன்னோடதும்மா" என்று சொல்லிவிட்டு, புது டார்ச் ஒன்றும் அடுத்த வருஷத்துக்கான நோட்டும் வாங்கி வந்தேன். அவளுடைய பேராசிரியை அம்மா "போனா சந்தோஷப்படுவேன், இருந்தா ரொம்ப சந்தோஷப்படுவேன்" என்று நடுநிலை வகித்தார். தாங்கள் ஒருவர்தான் ஒளிவுமறைவில்லாமல், தினம் நாலு தடவை போன் போட்டு, "இருபத்தாறு வயசாச்சு, இன்னும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காளே" என்று நேர்மையாகக் கத்தினீர்கள்.

பிள்ளை பாவம், சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டார்ச் பிடித்தபடியே கேட்டாள். "அப்பா, வேலைக்குப் போனா இதுக்கு விடை தெரியாமலே போயிடும். ஆனா இருந்தாலும் தெரியுமான்னு தெரியலையே. மூணு வருஷத்துல ஒண்ணும் கண்டுபிடிக்கலையேப்பா." நான் அட்டையை விரிசல் மேல் வைத்துப் பார்த்தேன். "ஏழாம் நம்பர், அரைக் கோடு கூட" என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. மகள் எப்படியும் வேலைக்குப் போய்விடுவாள் என்று நம்பி உங்கள் தம்பி மனைவி ஒரு பெயிண்டரை, சும்மா அளவு எடுத்துவிட்டுப் போகத்தான், வரச் சொல்லியிருக்கிறாள். அவர் வந்த நேரம் அவள் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து விட்டவன் நான். "வீட்டைப் பார்த்துட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், பேப்பர் முகத்தில் விழுந்தது மட்டும்தான் ஞாபகம். கண் விழித்தால் மனுஷர் சட்டையெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கிறார். "ஐயா, முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒவ்வொரு விரிசலுக்கும் நம்பர் போட்டு, எதுவரைக்கும் பூசணும்னு கோடு கிழிச்சு, தேதி வேற எழுதி வச்ச வீட்டை நான் பார்த்ததே இல்ல. இவ்வளவு பொறுப்பா இருக்கீங்களேன்னு அளவோட நிறுத்த மனசு வரல. கையில பட்டி இருந்துச்சு, ஏழையும் வரிசையா முடிச்சிட்டேன்" என்றார். ஏழையும், அக்கா! ஒண்ணு விடலை! அவர் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வேறு போனார்.

சாயங்காலம் மகள் வந்தாள். பையைக் கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு சுவராகப் போய்ப் பார்த்துவிட்டு சமையலறை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி விடுங்கப்பா. முடிவு எடுக்கிற வேலை மிச்சம். வேலைக்கே போயிடறேன்" என்றாள். உங்கள் தம்பி மனைவி ஆசைப்பட்ட பதில் அதுதான். ஆனால் கேட்டதும் கலர் அட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் அளவுதானே எடுக்கச் சொன்னேன்" என்று சுவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு நான் எழுந்திருக்கவில்லை. எதற்கு எழுந்திருக்க? சமையலறைப் பக்கம் கரகரவென்று சத்தம். உங்கள் தம்பி மனைவி, அந்த உயரத்தைப் பார்த்தாலே தலை சுத்துதுன்னு சொல்றவ, ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு, சாப்பிடற ஸ்பூனால பட்டியைச் சுரண்ட வந்திருக்கா. சுரண்டிக்கிட்டே இருந்தவ திடீர்னு நிறுத்திட்டுப் போட்டா பாருங்க ஒரு சத்தம்: "ஏய்! ரெண்டு பேரும் ஓடி வாங்க! சின்னவ வந்துட்டா! ஏழாம் நம்பர் வந்துட்டா!" நாங்க ஓடினோம். பார்த்தா நிஜம்தான் அக்கா. ஸ்பூன் படாத இடத்துல, வெள்ளை வெளேர்னு பூசின பட்டிக்கு மேல, தலைமுடி மாதிரி ஒரு கோடு, கூரையைப் பார்த்து ஏறுது. பதினாலு மணி நேரம்கூட ஆகலை. மத்த ஆறும் பேசாம கிடக்கு, இவ மட்டும் கிளம்பிட்டா. மகள் டார்ச்சைப் பிடிச்சுப் பார்த்தா, அட்டையை வச்சுப் பார்த்தா, பழைய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமா புரட்டினா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா. "அப்பா, ஏன் இவ மட்டும் வர்றா? ஏழும் ஒரே நாள், ஒரே ஆள், ஒரே பட்டி. பூசறதுக்கு முந்தின நாள் வரைக்கும் மூணு வருஷக் கணக்கு நம்ம கையில இருக்கு. இப்படி ஒரு சோதனையை நாமளா செஞ்சிருக்கவே மாட்டோம்பா! அம்மா, நீ பண்ணினதுதான் இதுல பெரிய வேலை!" அம்மா ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை, அங்கயே நின்னு பெருமைப்பட்டுக்கிட்டிருந்தா. பெயிண்டர் விட்டுட்டுப் போன காலிப் பையைப் பார்த்தா, வேலை தர்றேன்னு கூப்பிட்ட அதே கம்பெனிப் பட்டி!

பேராசிரியை அம்மா நேற்று நேரில் வந்து, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடி, அரை மணி நேரம் எங்கள் சுவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனார். இன்று பதினொரு மணிக்கு மகள் கம்பெனிக்கு எழுதிவிட்டாள்: மன்னிக்கவும், வர இயலவில்லை, காரணத்தைப் படத்தில் காண்க என்று ஏழாம் நம்பரின் போட்டோவையும் இணைத்து.

அக்கா, தூண்டுதல் இல்லை என்று மேலே எழுதினேன். தூண்டவில்லைதான், ஆனால் ஆசைப்பட்டேன். இந்த விரிசல் வருவதற்கு முன்னால் எனக்கும் அவளுக்கும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" தவிர என்ன பேச்சு இருந்தது? ஆறு பத்துக்கு ஸ்டூல் மேல் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் என் மகளை எனக்குத் தெரிய வந்தது. அவள் போய்விட்டால் அது போய்விடுமே என்று பயமாக இருந்தது. இதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம். இங்கிருந்து நாங்கள் மூவரும் (ஏழாம் நம்பரைச் சேர்த்தால் நால்வர்) தங்கள் ஆசியை எதிர்பார்க்கிறோம். அதட்டல் தானாகவே வந்து சேரும்.

தங்கள் அன்புத் தம்பி

பி.கு.: மணி இப்போது நாலு ஐம்பது. உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். மூன்று மணிக்குக் கம்பெனி மேலாளரே போன் செய்தார். போட்டோவைப் பார்த்து அலுவலகமே கூடிவிட்டதாம். "அம்மா, நீங்க வந்து இது ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, உங்க ஆராய்ச்சியை இங்கிருந்தே எழுதுங்க" என்று ஒரே கெஞ்சல். பேராசிரியை அம்மாவும் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள், ஊர் மாறி. ஆனால் சுவரை அளப்பது ஒரு நாளும் நிற்கக் கூடாதாம்; அதனால் பல்கலைக்கழகத்தில் என் பெயருக்கு, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தயாராகிறது. ஆக, வேலைக்குப் போகிறவள் அவள், படிப்பில் தங்கிவிட்டவன் நான். டார்ச் பிடிக்க உங்கள் தம்பி மனைவி ஒப்புக்கொண்டாள். தினம் ஆறு பத்துக்கு நான் போனில் மகளுக்கு அளவு சொல்ல வேண்டும், அவள் அங்கே எழுதிக்கொள்வாளாம். ஆகவே அந்த நேரத்தில் மட்டும் தாங்கள் போன் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. போன மாசம் தாங்கள் வீடு முழுக்கப் பட்டி பார்த்தது இதே கம்பெனி மாவுதான் என்று மகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்கே அங்கு வருகிறோம், பென்சிலோடு.