மைதானத்தில் ஒரு பொன்னாடை

காசு கட்டினால் பிள்ளை கெட்டிக்காரி ஆகிவிடுவாள் என்பது லண்டன் தமிழரின் அசைக்க முடியாத நம்பிக்கை. வயலினுக்கும் கணக்கு டியூசனுக்கும் கட்டிப் பழகிய கை, உதைபந்தாட்டத்துக்கு மட்டும் சும்மா இருக்குமா?

என் மகள் அபி தோர்ண்டன் ஹீத் பூங்காவில் ஓசியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள், சேறும் சிரிப்புமாக. அது எனக்குப் பொறுக்கவில்லை. தனியார் அகடமி ஒன்றின் விளம்பரத்தைக் கண்டதும் கூட்டிக்கொண்டு போனேன். தேர்வு வைத்துத்தான் எடுப்பார்களாம். அபி தெரிவானாள். (வந்த பிள்ளைகள் எல்லோருமே தெரிவானார்கள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.) அதன்பின் மாதக் கட்டணம், உடுப்புக்குக் காசு, பயணத்துக்குக் காசு. நான் பெற்றோல் ஷெட்டில் கூடுதல் ஷிப்ட் நின்றேன். அபி சனிக்கிழமைகளில் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்குப் பலகையில் குந்தியிருந்தாள். வீட்டுக்கு வரும்போது காரில் பேசவே மாட்டாள்.

ஒருநாள் அகடமி ஒரு விசேட ஆட்டத்தை அறிவித்தது. பெரிய கிளப்புகளுக்குப் பிள்ளை பொறுக்கும் ஸ்கவுட்மார் பார்க்க வருவார்களாம். அதற்கும் தனிக் கட்டணம்.

அரங்கேற்றம் என்றால் எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும். கோட் சூட் போட்டேன். பிரதம விருந்தினருக்கு டூட்டிங் கடையொன்றில் பொன்னாடை வாங்கினேன்.

"என்னப்பா, கலியாண வீட்டுக்கோ வெளிக்கிடுறியள்?" என்றாள் என் மனைவி சாந்தி.

"ஸ்கவுட் வாறார். மரியாதை செய்ய வேணுமெல்லே."

"அவர் பிள்ளையின்ர ஆட்டத்தைப் பாப்பாரோ, உங்கட சூட்டைப் பாப்பாரோ?"

மைதானத்தில் நீளக் கறுப்பு மேலங்கியோடு ஒரு வெள்ளைக்காரர் தனியாக நின்று ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆள் இவர்தான் என்று முடிவுகட்டினேன். என்னைக் கண்டதும் அவரே கோப்பி வாங்கிவந்து நீட்டினார். அபியைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். இடையில் வாங்கில் அபிக்குப் பக்கத்திலிருந்த சிறுமியைக் காட்டி, அவளும் நன்றாக ஓடுவாள் என்றார். என்ன பரந்த மனம் என்று வியந்தேன்.

இடைவேளை வந்தது. அபி இன்னும் வாங்கில்தான். இனி விட்டால் போச்சு என்று பொன்னாடையை உருவினேன்.

"அப்பா, நோ! ப்ளீஸ்!" என்று அபி கத்தினாள்.

அவருக்குப் போர்த்தியே விட்டேன். கைகூப்பியும் நின்றேன். கூட வந்திருந்த சாந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றப் பெற்றோர் கைபேசியில் படம் எடுத்தார்கள். (அந்தப் படங்கள் இன்னும் உலாவுகின்றன.)

அவர் சரிகையைத் தடவிக்கொண்டு, கண்கலங்க ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியென்றால் என் மகளைத் தெரிவுசெய்துவிட்டீர்களா?"

மனுசன் குழாய் திருத்துகிறவர். அபிக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய மகள். சூட் போட்ட என்னைத்தான் ஸ்கவுட் என்று நம்பிக் கோப்பி வாங்கித் தந்திருக்கிறார். இருவரும் சுற்றிப் பார்த்தோம். நின்றவர்கள் அத்தனை பேரும் காசு கட்டிய பெற்றோர். பயிற்றுநரைக் கேட்டால், ஸ்கவுட்மார் அடுத்தமுறை கட்டாயம் வருவார்கள் என்றார். அதற்குப் பதிவு தொடங்கிவிட்டதாம்.

அபியிடம் போய், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "உனக்கு இஞ்ச விருப்பமோ, பிள்ளை?"

"பார்க்தான் பெட்டர், அப்பா. அங்க எனக்கும் பந்து வரும்."

இப்போது ஞாயிறுகளில் அந்த இரண்டு பிள்ளைகளும் பூங்காவில் ஓடுகிறார்கள், ஓசியில். குளிர்காலத்தில் குழாய்க்காரர் என் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருகிறார். நல்ல சூடாம். நான் எந்த விசேடத்துக்குக் கோட் சூட் போட்டாலும் சாந்தி ஒரு கோப்பியோடு வந்து பணிவாக நிற்பாள்.

"சேர், எங்கட பிள்ளையையும் ஒருக்காப் பாருங்கோ."