அப்பவே சொன்னவரும் அடங்காத சாம்பலும்

எது நடந்தாலும், நடந்து முடிந்த மறுநிமிடம் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. மழை பெய்தால் சொல்லியிருப்பார். பெய்யாவிட்டாலும் சொல்லியிருப்பார். எப்போது, யாரிடம் சொன்னார்? அதைக் கேட்பது மரியாதையல்ல.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மின்நிலையத்தின் நிலக்கரிச் சோதனைக்கூடத்துத் தலைவர். பீங்கான் கிண்ணத்தில் கரியை வைத்து, உலையில் எரித்து, மிஞ்சிய சாம்பலை நிறுத்து, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்து, முடிவு ஊருக்கே தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். முன்கூட்டிச் சொன்னால் மாட்டிக்கொள்வோமே!

மாட்டவைத்தவன் மனைவியின் தம்பி. அதே நிலையத்தில், புதிதாக வந்த அழுத்த உலைக்கு அவன் பொறுப்பு. மூடிய கலத்துக்குள் காற்றைத் திணித்து, அந்த அழுத்தத்திலேயே கரியை எரிக்கும் உலை. முதல் ஓட்டம் பாதியில் நின்றால் அவனைப் பழையபடி கரிக்குவியல் மேய்க்க அனுப்பிவிடுவார்கள்.

"அத்தான், இந்தக் கரியில சுண்ணாம்புக்கல் நிறைய கலந்திருக்கு. அழுத்தத்துல எரிச்சா சாம்பல் கூடுமா, குறையுமா? சாம்பல் விழுற தொட்டி பெரிசா வைக்கணுமா, சின்னது போதுமா?"

"பாப்போம் மாப்ள."

"பாத்தப்புறம் நீங்க எதுக்கு? அக்கா, நீயே கேளு."

அக்கா கேட்டாள். கையில் கரண்டியோடு கேட்டாள்.

"குறையும்" என்றார். "திறந்த உலையிலயே அந்தக் கல்லு வெந்து, கிட்டத்தட்ட பாதி எடை வாயுவாப் போயிடுது. அழுத்தம் குடுத்தா இன்னும் சீக்கிரம் போகும். சின்னதே போதும்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை அவர் அப்பவே சொன்னார்.

சின்னத் தொட்டியை வைத்து உலையை ஓட்டினார்கள். கல் வேறுமாதிரி நினைத்தது. படியில் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிற பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கரி எரிந்து வந்த கரியமில வாயு கலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கல்லுக்குள் இருந்த அதே வாயு வெளியே வர வழியில்லை. கல் கல்லாகவே, முழு எடையோடு தொட்டியில் விழுந்தது. தொட்டி நிரம்பியது. குழாய் அடைத்தது. உலை நின்றது.

தம்பி உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பலோடு சோதனைக்கூடத்தில் வந்து நின்றான். நம்மவர் அவன் சட்டையிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, நுரைக்குது! வாயு இன்னும் உள்ளயேதான் இருக்கு. இது சாம்பலே இல்ல மாப்ள, வேகாத கல்லு. சாம்பல் குறையும்னுதானே சொன்னேன்? குறைஞ்சுதான் இருக்கு. கல்லுக்கும் சேத்துத் தொட்டி வேணுமான்னு நீ கேக்கவே இல்லையே."

தம்பி கரிக்குவியலுக்குப் போனான். வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள். "இப்படி ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்குவீங்கன்னு, அவன் கேக்கும்போதே எனக்குத் தெரியும்."

தெரிந்தவள் ஏன் தடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஒரே இனத்தார் தங்களுக்குள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தொட்டி சின்னது என்றதுமே அது அடைக்கப்போகிறது என்று உங்களுக்குப் பட்டுவிட்டது, இல்லையா? பட்டிருக்கும். அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.