காந்தக் கன்னியைச் சாகடித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்க வேண்டியதில்லை. கூடப் பிறந்தவளைக் கொன்றுவிட்டு, கீழே கொட்டை எழுத்தில் பெயரும் போட்டுக்கொள்கிறவனுக்கு என்ன குறைச்சல்?

வார இதழில் உன் தொடர்கதையின் பதினோராம் பகுதி வந்து சேர்ந்தது. "அக்கா, உன்னை வெச்சுத்தான் எழுதறேன். துறைமுகத்துல கிரேன் ஓட்டுற பொண்ணு, கையில காந்த சக்தி" என்று நீ ஃபோனில் சொன்னபோது, நான் வெட்கமில்லாமல் கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். முதலில் அந்தப் பெயர். காந்தக் கன்னியாம். எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது, நீதான் பந்தியில் தண்ணீர் ஊற்றினாய். அடுத்தது உடை. இடுப்பு தெரிகிற சட்டை, குதிகால் உயர்ந்த செருப்பு, அவிழ்த்துவிட்ட கூந்தல். என் கிரேன் கேபின் பன்னிரண்டு மாடி உயரத்தில் இருக்கிறது. அந்தச் செருப்போடு ஏணியில் ஏறினால் நாலாவது படியிலேயே கதை முடிந்துவிடும், தனியாக வில்லன் தேவையில்லை. உன் நாயகன் வானரசனுக்கு மட்டும் கழுத்திலிருந்து கால் வரைக்கும் கவசம். ஏன், அவனுக்கு மட்டும்தான் குளிருமா?

சரி, போகட்டும் என்று படித்தேன். ஒற்றைக் கையால் கப்பலைத் தூக்குகிறவள் எட்டாம் பகுதியில் இரும்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, "வானரசா, என்னைக் காப்பாற்று" என்று அழுகிறாள். இரும்புப் பெட்டிடா தம்பி. அவளுக்குக் காந்தக் கை. கதவைப் பிய்த்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே? கீழே நின்று எனக்குச் சைகை காட்டுகிறவர் இதைக் கேன்டீனில் உரக்கப் படித்துவிட்டு, "ஏம்மா, உங்க லாக்கர் பூட்டிக்கிச்சுன்னா எங்களைத்தான் கூப்பிடுவீங்களா?" என்றார். "சாப்பிடுங்க, ஆறுது" என்றேன். பதினோரு வாரத்தில் அவள் வாய் திறந்தது பத்தொன்பது தடவை. அதில் பன்னிரண்டு தடவை அவன் பெயரைத்தான் சொல்கிறாள். நான் ஒரு நாள் காலையில் உன் அத்தானிடம் பேசுவதே அதைவிட அதிகம், அதில் அவர் பெயர் வரவே வராது.

இப்போது அவளைச் சாகடித்தும் விட்டாய். எதற்கு? வானரசனுக்குக் கோபம் வர வேண்டுமாம். பத்து வாரமாக வில்லன் ஊரைக் கொளுத்துகிறான், அப்போதெல்லாம் இந்த மகானுக்குக் கோபம் வரவில்லை. ஒருத்தி செத்து விழுந்தால்தான் வருமாம். எனக்கு உன் கதையைப் படித்தாலே வருகிறது, யாரும் சாக வேண்டியதில்லை.

நான் இதோடு விட்டிருப்பேன். திங்கட்கிழமை காலையில் என் ஹெல்மெட்டைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம். கடைசியில் துவைக்கிற மெஷினுக்குள், ஈரத் துண்டுகளுக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்தது உன் மருமகள். "நீ வேலைக்குப் போகாதம்மா. அந்தக் கன்னி நீதான்னு மாமா சொன்னாருல்ல? நீ செத்தாத்தானே வானரசனுக்கெல்லாம் கோபம் வரும்" என்கிறாள். பத்து வயசுடா அவளுக்கு. முதலில் சிரித்தேன், அப்புறம் முடியவில்லை. அவளைச் சமாதானம் செய்து கிளம்பியதில் நாற்பது நிமிஷம் லேட். கப்பல் காத்துக்கிடக்கிறது, சூப்பர்வைசர் காரணம் கேட்கிறார். "என் தம்பி என்னைக் கொன்னுட்டான் சார்" என்றேன். "அப்ப லீவ் எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஏற்று, இறக்கு என்பதெல்லாம் சைகைக்காரர் ஒருவர் காட்டினால்தான் கேட்பேன். ஆனால் 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், தரை பெருக்குகிறவர் காட்டினாலும்கூட. அந்தச் சைகையைத்தான் உனக்கு இப்போது காட்டுகிறேன். கடைசிப் பகுதி இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவளை எழுப்பு. ஷூ போட்டுவிடு, முடியைக் கட்டிவிடு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகவிடு. உன் மருமகள் அதைப் படித்தால்தான் நிம்மதியாக என்னை அனுப்புவாள். ஒருத்தருக்குக் கோபம் வருவதற்காக இன்னொருத்தரைச் சாகடிப்பது கதை அல்ல, சோம்பேறித்தனம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது யோசித்து எழுத வேண்டும்.

ஆசிகளுடன்,
அக்கா

பின்குறிப்பு: நான் இதை எழுதி முடிப்பதற்குள் உன் மருமகளே கடைசிப் பகுதியை எழுதிவிட்டாள், கூட வைத்திருக்கிறேன். கன்னி பிழைத்துக்கொள்கிறாள். அவளுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக, மூன்றாம் பக்கத்தில் குதிகால் செருப்புப் போட்ட ஒரு மாமா, அவள் 'நிறுத்து' என்று காட்டியும் கேட்காமல் ஏணியில் ஏறி, விழுந்து செத்துப்போகிறார். கண்ணாடி போட்டவர், கதை எழுதுகிறவர். இரண்டு தடவை படித்துவிட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொரு பிரதியை உன் இதழ் ஆசிரியருக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தச் சாவில் மட்டும் கை வைக்காதே.