டெய்ன்டியின் பந்தி

மைசூரில் ஆங்கில மொழிக்கு அதிகம் தொண்டு செய்தவர் யார் என்று கேட்டால் நான் டெய்ன்டியைத்தான் சொல்வேன். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களுக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் துணைக்கு இருந்தன. இவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீன் கான்ட்ராக்டர் அவர். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரம். கேன்டீன் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவார். குழம்புக் கரண்டியைப் பிடித்தால் கரண்டி இருக்கும் இடம் தெரியாது. அப்பேர்ப்பட்ட உடம்புக்காரர் ஒருநாள், கம்பெனியைப் பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு மெதுவடையைப் பொத்தான் அளவில் சுட்டு வைத்தார். அந்த அம்மாள் அதைக் கையில் ஏந்தி, "டெய்ன்டி!" என்று உருகிவிட்டார். சின்னதாக, நாசூக்காக இருப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று யாரோ இவருக்கு விளக்கினார்கள். விளக்கிய புண்ணியவான் மட்டும் கையில் கிடைத்தால் விட மாட்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் இட்லி இளைக்கத் தொடங்கியது. தோசை உள்ளங்கைக்குள் அடங்கியது. சப்பாத்தியை ஊதினால் பறந்தது. காலையிலிருந்து இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்த லேத் ஆபரேட்டர் ஒருவர் தட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

"அண்ணா, இது சாம்பிள்தானே? வயிறு நிறையற ஊட்டா எப்போ வரும்?"

"ஏனுங்க அவசரம்? எவ்வளவு டெய்ன்டியா இருக்குது பாருங்க! தின்னுட்டு மறுபடி வாங்க, மறுபடி வெக்கறேன்."

மறுபடி வைப்பார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வயிறு நிறைவதற்குள் சைரன் அடித்துவிடும்.

அந்தச் சொல் அவருக்கே பெயராக ஒட்டிக்கொண்டது, சமையலறையோடும் நிற்கவில்லை. தூறல் போட்டால் டெய்ன்டி மழை. கம்பெனி பஸ் தூணில் உரசி ஒரு பக்கமே நசுங்கியபோது, "டெய்ன்டியா ஒரு கீறல் உளுந்திருக்குதுங்க" என்றார். என் சம்பள உயர்வைக் கேள்விப்பட்டு, "டெய்ன்டியா குடுத்திருக்காங்க சார்" என்றார். வாழ்நாளில் அவர் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியது அந்த ஒருமுறைதான்.

இந்த மகானிடம்தான் என் தங்கையின் நிச்சயதார்த்தச் சமையலை ஒப்படைத்தார் அப்பா. மாப்பிள்ளை வீட்டாரும் ராமாபுரம், அதனால் ருசி ஒத்துப்போகுமாம். மாப்பிள்ளை தங்கமானவர். தங்கைக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். நடுவில் நின்றவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. போன வருடம் ஒரு வீட்டில் பாயசத்தை இரண்டாம் முறை வேண்டுமா என்று கேட்கவில்லை என்பதற்காகப் பந்தியிலேயே எழுந்து சம்பந்தத்தை முறித்துவிட்டு வந்த உத்தமர். சாப்பிட்ட பிறகுதான் தட்டு மாற்றுவது என்று எங்களுக்கும் முன்கூட்டியே உத்தரவு வந்திருந்தது. பரீட்சை எழுதாமல் பாஸ் போட மாட்டாராம்.

நான் டெய்ன்டியிடம் மன்றாடினேன். "அண்ணா, அவங்க காட்டுல பாடுபடறவங்க. இன்னிக்கு ஒருநாள் நிறைய வெச்சிடுங்க. தங்கச்சி வாழ்க்கை அண்ணா!"

"கவலையே படாதீங்க சார். டெய்ன்டியா முடிச்சிரலாம்."

எங்கள் விஜயநகர் வீட்டு மொட்டை மாடியில் பந்தி விரித்தோம். பெரியப்பாவின் இலையில் நெல்லிக்காய் அளவு லட்டு, வெற்றிலை அளவு ஒப்பட்டு என்கிற போளி, ஒரு கைப்பிடி சோறு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பெரியப்பா இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்த தங்கையின் கண்ணில் அப்போதே நீர் கோத்துவிட்டது.

ஒரே வாயில் ஒப்பட்டு காணாமல் போனது. அவர் நிமிர்வதற்குள் டெய்ன்டி எதிரே நின்றார்.

"இன்னும் ஒண்ணு வெக்கட்டுங்களா?"

வைத்தார். அது போனது. டெய்ன்டி மறுபடி குனிந்தார். "நெய் ஊத்தி இன்னும் ஒண்ணுங்க?" அவர் நகர்ந்தால் அவருடைய ஆள் சோற்றோடு வந்து, "போடட்டுங்களா மாமா?" என்று கேட்டார். பயத்தில் அப்பா ரசத்தையும் அம்மா பாயசத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் அப்பளத்தோடு ஓடினேன். பெரியப்பா தலையை நிமிர்த்தும் போதெல்லாம் எங்களில் ஒருவர் கெஞ்சிக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு தளர்ந்து, கடைசியில் இரண்டு கையாலும் இலையை மறைத்தார்.

"போதுமுங்க, உட்டுருங்க! எத்தனையோ விசேசத்துல உக்காந்திருக்கறேன். இத்தன தடவ கேட்டுக் கேட்டு வெச்ச வூட்ட நான் பாத்ததில்லீங்க. எந்திரிச்சதும் தட்ட மாத்திரலாம்."

தங்கை படியிறங்கி ஓடிய சத்தம் மாடி வரை கேட்டது. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

எல்லோரும் போன பிறகு டெய்ன்டியை இலையில் உட்கார வைத்தோம். நன்றிப்பெருக்கில் நானே சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி வந்து, ஆளுக்குத் தகுந்தாற்போல் பாதியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க போனாலும் இப்படித்தானுங்க சார். ஒடம்பப் பாத்ததும் மொத்தமா கொட்டிட்டு நகந்துருவாங்க. சின்னப் புள்ளையா இருக்கறப்பவே அப்படித்தான். இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமான்னு எவரும் என்னைக் கேட்டதில்லீங்க."

குறையாகச் சொல்லவில்லை. சோற்றில் குழி பறித்துக்கொண்டே, ஊர் விஷயம் போலச் சொன்னார்.

அம்மா என்னை நகரச் சொன்னாள். அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டாள். ஒரு சின்னக் கரண்டியால் கொஞ்சம் சோறு வைத்து, அவர் உண்ணும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமாப்பா?"

அந்தப் பெரிய தலை இலையை விட்டு நிமிரவில்லை. "வெய்யுங்கம்மா" என்றார்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் போதும் என்று சொல்லவில்லை. பாத்திரம் காலியாகிக்கொண்டு வந்தது. நான் கீழே போய் இன்னொரு உலை வைத்தேன்.