கோரைப்பல் சான்றிதழ்

பாலித் தீவில் அரசாங்கம் புதுச் சந்தை ஒன்று கட்டியது. கடைகள் மண்ணின் மக்களுக்கு மட்டும் என்றது. மனிதர் பொய் சொல்வார்கள், பல் சொல்லாது என்பதால், யார் மண்ணின் மக்கள் என்பதைப் பல்லைப் பார்த்தே தீர்மானிக்கும்படி மேன்மை பொருந்திய ஆணையும் பிறந்தது.

சுவித்ரி முப்பது வருஷமாகப் பழைய சந்தையில் பன்றிக்கறிச் சோறு விற்றவள். அந்தச் சந்தையை இடித்தாகிவிட்டது. கடை கிடைக்காவிட்டால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். மனு கொடுக்க இன்று மாலைதான் கடைசி.

பல் சரிபார்ப்பு அலுவலர் தர்மிகா அவள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"முன்பல்லுக்குப் பின்னால மண்வெட்டி மாதிரி குழி இருக்கு. மண்ணின் மக்களுக்கு முதல் அடையாளம், சந்தோஷம். ரெண்டாவது, கோரைப்பல் கூர் எங்கேம்மா?"

"தேய்ச்சாச்சுங்க ஐயா. வயசுக்கு வந்தப்ப ஊர் வழக்கப்படி பூசாரி அரம் வச்சுத் தேய்ச்சார். தேய்க்காமச் செத்துப் போனா மேல இருக்கற முன்னோருங்க எந்த நாய் இதுன்னு விரட்டிடுவாங்கல்ல. உங்களுக்கும் தேய்ச்சிருக்குமே?"

தர்மிகா உதடு பிரியாமல் பேசினார். "என் பல் விசாரணையில இல்ல. பல்லுங்கறது அரசு ஆவணம். அரத்தால திருத்தின ஆவணம் செல்லாது."

"அப்ப ஊர்ல ஒருத்தரும் ஊர்க்காரங்க இல்லையா?"

"கோப்புப்படி இன்னும் யாரும் வரல."

மெழுகைக் கடிக்கச் சொல்லி, பல்வரிசையின் வளைவை அட்டவணையோடு ஒப்பிட்டார். அது ஏழு இனத்தாரோடு பொருந்தியது. ஏழோடும் பொருந்துவதால் ஒன்றோடும் பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சுவித்ரி சன்னல் வழியே பார்த்தாள். வாசலில் காவல் பூதம் கல்லாய் உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கட்டம்போட்ட துணி, காதில் செம்பருத்தி, வாயின் இரண்டு பக்கமும் விரல் நீளக் கோரைப்பல்.

"அதுக்கு அரம் படலைங்களே. பூர்வீகமும் இங்கதான்."

தர்மிகா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மனுதாரர் உயிரோடிருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. எழுந்துபோய்ப் பூதத்தின் வாயில் மெழுகை அழுத்தினார். மாலைக்குள் அது மண்ணின் மைந்தனாயிற்று. நாலாம் எண் கடையும் அதற்கு ஒதுக்கப்பட்டது. சான்று பெற்றவரின் உறவினருக்குப் பல் பார்க்க வேண்டாம் என்பது ஒன்பதாம் விதி. சுவித்ரி பூதத்தின் சித்தி மகளாகப் பதிவாகிக் கடையைத் திறந்தாள்.

அடுத்த மாதம், அலுவலர்களுக்கும் பல் சான்று கட்டாயம் என்று ஆணை வந்தது. சம்பளம் நின்றுபோன தர்மிகா நாலாம் எண் கடைக்கு வந்தார். அவருக்கு முன்னால் பாதி ஊர் வரிசையில் நின்றது. உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. சோறு விற்க அவளுக்கு இப்போது நேரமில்லை.

"பூதத்துக்கு நான் தம்பின்னு ஒரு வரி எழுதிக் கொடும்மா."

சுவித்ரி பூதத்தின் உறவுப் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"தம்பி இடமெல்லாம் நிரம்பிடுச்சு. மச்சான் ஒண்ணு காலி இருக்கு. ஆதாரத்தோட நாளைக்கு வாங்க. பத்து மணி தாண்டினா அடுத்த வாரம்தான்."